அண்ணன் பேசிய வில்லன்

மகன் கைபேசியில் ஏதோ பழைய கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். சின்ன வயதில் நான் பார்த்த, பூமியைப் பிடிக்க வரும் அதே ஒற்றைக்கண் வேற்றுக்கிரகத்தான், அதே பறக்கும் தட்டு. ஆனால் அவன் ஊதா நிறமாக இருந்தான்.

எண்பதுகளின் கடைசியில், வாடிப்பட்டியில் எங்கள் தெருவுக்கே ஒரு டிவிதான். ரைஸ்மில்காரர் வீட்டில் இருந்த அந்தக் கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில் சிமெண்டுத் தரையில் நெருக்கியடித்து உட்காருவோம். வில்லன் பேசும் இந்தி எங்களில் யாருக்கும் புரியாது. அதனால் சத்தத்தைக் குறைத்துவிட்டு, என் அண்ணன் முருகேசன்தான் அவனுக்காகப் பேசுவான்.

"எலேய் பூமிக்காரய்ங்களா! அம்புட்டுத் தண்ணியவும் உறிஞ்சிட்டுப் போகலாம்னு வந்தா, வைகையில பொட்டுத் தண்ணி இல்லையேடா!"

ரைஸ்மில்காரரே சிரித்துவிடுவார். அண்ணனுக்கு அப்போதுதான் குரல் உடையத் தொடங்கியிருந்தது. கரகரவென்று ஆரம்பித்து நடுவில் கீச்சென்று எகிறும். வில்லனுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போலிருக்கும்.

"அண்ணே, அவன் என்ன கலருண்ணே?"

"பச்சைடி. அவனுக்குப் பேசுற எனக்குத் தெரியாதா?"

அந்த ஐப்பசியில் மஞ்சள்காமாலை அண்ணனைக் கொண்டுபோய்விட்டது. அவன் குரல் உடைந்து முடியவே இல்லை.

மகனிடமிருந்து கைபேசியை வாங்கிச் சத்தத்தை முழுவதும் குறைத்தேன். ஊதா வில்லன் வாயைத் திறந்து திறந்து மூடினான். கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

"அம்மா, ஒண்ணுமே கேக்கலையே?"

"ஆமாப்பா," என்றேன். "எனக்கும் கேக்கல."