இரண்டு முறை தலைவலி மாத்திரை கேட்டேன்

நான் பட்டினச்சேரி என்ற மீனவக் கிராமத்தின் மருமகள், லேப் டெக்னீஷியன். சிசேரியன் ஆகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. உடனே மறுபடி கர்ப்பமானால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருந்த நேரத்தில் ஆணுறை கிழிந்துவிட்டது. காலையில் அவசரக் கருத்தடை மாத்திரை வாங்க ஓடினேன். மருந்துக்கடையில் மாமனாரின் படகில் போகிறவர்கள் நின்றார்கள். கேட்க வாய் வராமல் தலைவலி மாத்திரை வாங்கித் திரும்பினேன். தாமதித்தால் பலன் குறையும் என்று தெரிந்தும், மாலையில் கூட்டத்தைப் பார்த்து மறுபடி தலைவலி மாத்திரையே கேட்டேன்.

மருந்தாளர் அக்கா என்னை ஓரமாக அழைத்தார். "காலைலயும் தலைவலி, இப்பவும் தலைவலியா? என்ன வேணும், சொல்லுங்கம்மா."

அழுதுகொண்டே சொன்னேன்.

"இதுக்கு டாக்டர் சீட்டெல்லாம் வேணாம். இந்தாங்க மாத்திரை, தண்ணி, இங்கயே போட்டுக்குங்க. நாள் தள்ளிப்போனா டெஸ்ட் பண்ணிருங்க."

அந்த மாதம் நாள் தள்ளவில்லை; தப்பித்தேன். இப்போதெல்லாம் கடையில் யார் நின்றாலும் வேண்டியதைப் பெயர் சொல்லியே கேட்கிறேன். பின்னால் நிற்கும் பெண்ணின் காதிலும் விழட்டும்.