தராசு சிஸ்டர்

எங்கள் இதய வார்டின் மூத்த நர்ஸுக்கு நோயாளிகளான நாங்கள் வைத்த பெயர் தராசு சிஸ்டர். விடிந்ததும் எடை மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார். இதயம் சோர்ந்தால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளுமாம்; அதை எடைதான் முதலில் காட்டிக்கொடுக்குமாம். இருபது வருடமாக இதே வேலை. அவரிடம் யாருடைய பாச்சாவும் பலிக்காது. நான் ஒளித்துக் குடித்த சோடாவைக்கூடக் கண்டுபிடித்துவிட்டார்.

அன்று வீடு திரும்ப வேண்டிய பக்கத்துக் கட்டில் பஸ் டிரைவருக்கு ஒரே ராத்திரியில் மூன்று கிலோ கூடியிருந்தது.

"உண்மையச் சொல்லுங்க. உப்பா என்ன சாப்பிட்டீங்க?"

"சத்தியமா ஒண்ணும் இல்ல சிஸ்டர்!"

சிஸ்டர் முறைத்தபடி அவர் கணுக்காலை அழுத்திப் பார்த்தார். வீக்கம் இல்லை. மறுபடி ஏறச் சொன்னார். அதே மூன்று கிலோ. குழம்பிப்போய்க் குனிந்து பார்த்தால், மெஷினின் ஓரத்தில் மூன்றாவதாக ஒரு கால்! கணவர் விழுந்துவிடக் கூடாதென்று பின்னால் நின்று தாங்கிப் பிடித்திருந்த மனைவியின் கால்.

"ஏம்மா, நீங்களும் சேர்ந்து ஏறினா எப்படி?"

அந்த அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு காலை எடுத்தார். மூன்று கிலோவும் ஓடிப்போனது. வார்டே சிரித்தது, சிஸ்டரும்தான்.

"சரி, கிளம்புங்க. வீட்டுலயும் தினமும் எடை பாக்கணும். தனியா நின்னு!"

"அது நடக்காது சிஸ்டர்," என்றார் டிரைவர். "மூணு கிலோ கழிச்சு எழுதிக்கறேன்."