அடிமண்

நல்ல விற்பனை காட்டிய டீலர்களை ஜோடியாக மாலத்தீவுக்கு அழைத்துப் போகிறோம் என்று டயர் கம்பெனிக்காரர் வந்து சொன்னபோது, என் வீட்டுக்காரர் மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பரமத்தி வேலூரில் பிறந்து வளர்ந்தவர். ஆடிப் பெருக்குக்கு ஊரே காவிரிக்குப் போகும், அவர் மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். கிணறு இருக்கும் தோட்டத்தில் விருந்து என்றாலும் ஏதாவது சாக்குச் சொல்லி நாமக்கல்லிலேயே தங்கிவிடுவார். இந்த மனுசனிடம் போய்க் கடலுக்கு நடுவில் இருக்கிற தீவைப் பற்றி அளக்கிறாரே என்று, எங்கள் டயர்க் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த எனக்கு எரிச்சலாக வந்தது.

வந்தவர் வழவழப்பான ஒரு படப் புத்தகத்தை நீட்டினார். அதில் ஒரு பக்கத்தில், முதுகில் சிலிண்டர் கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் தண்ணீருக்கடியில் மண்டியிட்டிருந்தார். அவருக்குக் கீழே வெள்ளை மணல். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

“ஏனுங்க, இந்தத் தண்ணில அடி வரைக்கும் கண்ணுக்குத் தெரியுங்களா?” என்று கேட்டார்.

“நல்லாத் தெரியுங்க. கீழ ஊசி கெடந்தாக்கூடத் தெரியும்.”

“அப்ப நாங்க வாரோமுங்க” என்றார்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்ததா பயம் வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. காப்பியை அவர் முன்னால் கொஞ்சம் சத்தமாகவே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

எங்களுக்கு ஒரு பையன் இருந்தான். எழுபதுகளின் நடுவில், ஓர் ஆனி மாதம், எங்கள் தோட்டத்துக் கிணற்றில் போய்விட்டான். ஒன்பது வயது. அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை.

எங்கள் பக்கத்தில் கிணறு என்பது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாதிரிதான். முதுகில் காய்ந்த சுரைக்குடுவையைக் கட்டித் தள்ளிவிடுவார்கள். கைகால் உதைத்து மிதக்கப் பழகியதும் குடுவையை அவிழ்த்துவிடுவார்கள். ஆனால் மிதப்பவனை எவனும் நீச்சல்காரன் என்று சொல்லமாட்டான். மூச்சை அடக்கி முங்கி, கிணற்றின் அடி வரைக்கும் போய், ஒரு பிடி அடிமண் எடுத்துவந்து மேலே நிற்பவர்களுக்குக் கையை விரித்துக் காட்டவேண்டும். வெறும் கையோடு வந்தால் கேலி பேசியே ஓட்டித் தள்ளிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் அதில் பெயர் எடுத்தவர். மோட்டாரின் ஃபுட் வால்வு கழன்றாலும், தண்ணீர் சேந்துகிற தோண்டி விழுந்தாலும், ஆளே விழுந்தாலும் அவரைத்தான் வண்டி வைத்துக் கூட்டிப் போவார்கள். எருமப்பட்டி வரைக்கும் போய் முங்கியிருக்கிறார். எத்தனையோ வீட்டுப் பிணத்தை எடுத்துக் கொடுத்தவர், கடைசியில் தன் பிள்ளையையும் தானே முங்கி எடுத்தார்.

அன்றைக்கு மத்தியானம் பையனைக் காணோம் என்று தேடிப்போனபோது கிணற்றுப் படியில் அவன் சட்டை மட்டும் கிடந்தது. நான் கத்திய கத்தலில் சுற்றுத் தோட்டத்தார் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். அவர் வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் குதித்தார். முங்கினார், மேலே வந்தார், மறுபடி முங்கினார். பிறகு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்து என் மடியில் கிடத்தினார். கண்ணும் வாயும் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. தூங்குகிற பிள்ளை என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அவன் அங்கே கீழே எப்படிக் கிடந்தான்? மோட்டார் பைப்பில் கால் மாட்டியிருந்ததா? சேற்றில் புதைந்து, என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தானா? பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு கேட்டேன்.

“இருட்டா இருந்துச்சு. ஒண்ணுந் தெரியலை” என்றார்.

அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் அதே பதில்தான். சண்டை போட்டுக் கேட்டேன், அழுது கேட்டேன், காலைப் பிடித்துக்கொண்டும் கேட்டேன். எழுந்து வெளியே போய்விடுவார். கிணற்றை மண்ணடித்து மூடினார், தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டார், நாமக்கல்லுக்கு வந்து டயர்க் கடை போட்டார். கடை நன்றாகவே ஓடியது. நாங்கள் சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், சாவி எங்கே, ஆணியில் மாட்டியிருக்கு என்று பேசிக்கொண்டோம். அவர் சொல்லாததால் நானே ஒவ்வொரு விதமாக என் பிள்ளையைச் சாகடித்துப் பார்த்தேன். ஒரு நாள் பைப்பில் மாட்டினான், ஒரு நாள் பாம்பு கடித்தது, ஒரு நாள் அம்மா என்றான். பெற்றவளுக்கு அதைவிடக் கொடுமை வேறு இல்லை.

இப்படிப்பட்ட இரண்டு பேர்தான் எண்பதுகளில் ஒரு தை மாதம் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, பிறகு படகேறி, அந்தத் தீவில் போய் இறங்கினோம். கைகோத்துக்கொண்டு உலாத்துகிற இடம் அது. தென்னை ஓலை வேய்ந்த அறைகள், எந்தப் பக்கம் நடந்தாலும் கடல். எங்களோடு வந்த மற்ற ஜோடிகள் படம் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்த டீலரின் மனைவி ஒரு டின் நிறைய முறுக்கு சுட்டுக்கொண்டு வந்திருந்தார். புண்ணியவதி, மூன்று வேளையும் மீனும் ரொட்டியுமாகப் போட்ட அந்த ஊரில் அந்த முறுக்குதான் எனக்குச் சோறு. பரிமாறியவர்களில் ஒருவர் இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தமிழர். மற்றவர்கள் பேசுவதை எங்களுக்குத் தமிழில் சொல்லும் துபாஷியும் அவரே.

முதல் நாள், கண்ணாடி மாட்டி வாயில் குழாய் வைத்துக் குப்புற மிதந்து மீன் பார்க்கிற விளையாட்டுக்கு எல்லாரையும் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் கரையில் நின்றுகொண்டார். நான் போனேன். ஏன் போகக் கூடாது? நானும் கிணற்றில் நீந்தியவள்தான். பாவாடைக்கு மேல் அவருடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் அப்படியே மலைத்துப் போனேன். கீழே மஞ்சளும் நீலமுமாக மீன்கள் என்னைச் சட்டை பண்ணாமல் போய்க்கொண்டிருந்தன. ஒரு மீன் என் விரலைக் கொத்திப் பார்த்துவிட்டு ஓடியது. எனக்குச் சிரிப்பு வந்து குழாய்க்குள் உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது. இருமிக்கொண்டே தலையைத் தூக்கினால், கரையில் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையைத் தண்ணீருக்குக் கொடுத்தவள் தண்ணீரில் கிடந்து சிரிக்கிறாளே என்று என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. சட்டையைப் பிழிந்துகொண்டு அறைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் அவர் தானாகவே போய், சிலிண்டர் கட்டி உள்ளே இறங்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார். கற்றுக்கொடுப்பவர் ஒரு ஜெர்மன்காரர். கை அசைத்து அசைத்து வெகுநேரம் சொன்னார். கண்டிக்காரர் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

“ஐயா, எதை மறந்தாலும் இதை மறக்க வேணாம். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. கீழ இழுக்கிற காத்து மேல வரவர ஊதிப் பெருகும். அடக்கி வச்சுக்கிட்டு மேல வந்தா நெஞ்சு கிழிஞ்சு போகும்னு சொல்றார். இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே இருக்கணுமாம்.”

“சரிங்க” என்று என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார்.

பிறந்ததிலிருந்து மூச்சை அடக்கியே பழகிய மனிதரிடம் போய் அடக்காதே என்கிறார்களே! “ஏனுங்க, வேண்டாமுங்க, வாங்க போலாம்” என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. நானும் கண்ணாடியையும் குழாயையும் மாட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன்.

ஆழம் அதிகமில்லை, இரண்டு ஆள் உயரம் இருக்கலாம். நான் மேலே மிதந்துகொண்டு பார்த்தேன், எல்லாமே தெரிந்தது. ஜெர்மன்காரர் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். என் வீட்டுக்காரர் வாயிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. கீழே போய் மணலில் மண்டியிட்டார். தலையை மெதுவாகத் திருப்பி நாலு பக்கமும் பார்த்தார். அண்ணாந்து என்னையும் பார்த்தார். அப்புறம் குனிந்து தரையைப் பார்த்தபடி அப்படியே இருந்தார். ஜெர்மன்காரர் பிடித்த கையை விட்டுவிட்டார்.

அந்த நேரத்தில் அவருடைய வலது கை மணலுக்குள் போனது. விரல்கள் மூடின. குமிழி நின்றுவிட்டது.

எனக்குப் புரிந்துவிட்டது. கத்தினேன், குழாய்க்குள் கத்தினால் யாருக்குக் கேட்கும்? அவர் இரண்டு காலாலும் தரையை உதைத்து, மூடிய கையை மேலே நீட்டிக்கொண்டு, கிணற்றில் வருகிற மாதிரியே விர்ரென்று மேலே வந்தார். ஜெர்மன்காரர் காலைப் பிடிக்கப் பாய்ந்தார், கைக்கு எட்டவில்லை. என் பக்கத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தலை தூக்கியவர், வாயில் இருந்ததைத் துப்பினார். துப்பியதில் ரத்தம் நுரைத்தது.

அவர் பிழைத்துக்கொண்டார், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. கரைக்கு இழுத்துவந்து படகுக் கொட்டகையில் படுக்கவைத்து, மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் வைத்தார்கள். ஜெர்மன்காரர் முதலில் கத்தினார், பிறகு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நாடி பிடித்துப் பார்த்தபடியே இருந்தார். டாக்டரைக் கூட்டிவரப் படகு போயிருந்தது. நான் சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். இவரையும் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு ஒற்றையாய் ஊருக்குப் போய் என்ன சொல்வேன் என்றே மனசு ஓடியது.

அவர் முகத்திலிருந்த ஆக்சிஜன் மூடியைக் கையால் விலக்கினார். “புள்ள, உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும்.”

“பேசக் கூடாதுன்னு சொல்றாங்கல்லங்க. சும்மாப் படுங்க.”

“இல்ல, சொல்லிப்போடறேன். நா எதையும் நெனச்சு எடுக்கலை. அடி தெரியுதான்னு பாக்கத்தாம் போனேன். கை தானா அள்ளிப்போடுச்சு. அள்ளுனதும் மூச்சு தானா அடைச்சுக்குச்சு.” இருமினார். கண்டிக்காரர் வாயைத் துடைத்துவிட்டார். “பையனும் அப்புடித்தான்.”

நான் குனிந்து அவர் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தேன்.

“அவன் எதுலயும் மாட்டலை. பைப்புல மாட்டலை, சேத்துல பொதையலை. அடியில இருந்து மேல வாரப்பத்தான் மூச்சு முட்டிருக்குது. படிகிட்டக் கெடந்தான். கை மூடியிருந்துச்சு. தண்ணிக்குள்ள வெச்சே பிரிச்சுப் பாத்தேன்.”

“என்னங்க இருந்துச்சு?”

“அடிமண்ணு. எடுத்துப்போட்டான்.”

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. பிள்ளை செத்தபோது அழாத மனிதர். “ஆடிப் பதினெட்டுக்கு உன்னைக் காவேரில எறக்கோணும்னா அடிமண்ணு எடுத்துக் காட்டுடான்னு நாந்தாஞ் சொல்லியிருந்தேன். மேல அத்தனை சனம் நின்னுச்சு. நீ நின்ன. மண்ணைப் பாத்தா, யாரு அனுப்புனதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். கழுவிட்டேன் புள்ள. ஒவ்வொரு வெரலாப் பிரிச்சுக் கழுவிட்டுத்தான் மேல தூக்கிட்டு வந்தேன்.”

அவர் எதற்குப் பயந்தாரோ அது எனக்குப் பெரிதாகவே படவில்லை. எங்கள் பக்கத்தில் எந்தத் தகப்பன் அப்படிச் சொல்லாமல் இருந்தான்? என் அப்பாவும் என் அண்ணன்மாரிடம் அதையேதான் சொன்னார். முதல் தடவை மண் எடுத்த அன்றைக்கு ஒவ்வோர் அண்ணனும் ஈரத் துணியோடு சமையல்கட்டு வரைக்கும் ஓடிவந்து அம்மாவிடம் கையை நீட்டியிருக்கிறான். அம்மா திட்டிக்கொண்டே அந்தக் கையைப் பிடித்துப் பார்ப்பாள்.

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. உயிருக்குப் போராடுகிறவர் என்றுகூடப் பார்க்காமல் தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்டிக்காரர் “அம்மா, அம்மா” என்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

“யாரைக் கேட்டுக் கழுவுனீங்க?” என்றேன். “இத்தனை வருசமா எம்புள்ள பயந்து செத்தான், கூப்பிட்டுச் செத்தான்னு நா தெனமுஞ் செத்தனே! அவன் எடுத்துட்டு வந்துட்டான், எங்கிட்டக் காட்டத்தான் கையை மூடிட்டு வந்துட்டு இருந்தான்னு உங்களுக்குத் தெரியுமில்லங்க? எனக்குக் கொண்டுவந்த மண்ணுங்க அது!”

“ஆமா” என்றார். “உனக்குத்தான் கொண்டுவந்தான்.”