மாடியில் யாரும் குடியில்லை

கூடுவாஞ்சேரியில் என் வீட்டு மாடியில் நான்கு வருடமாக ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. நகராட்சிப் பதிவில் மட்டும் இல்லை. சொந்தக்காரரே குடியிருந்தால் வீட்டு வரி குறைவு, வாடகைக்கு விட்டால் அதிகம். ஆகவே இரண்டு தளத்துக்கும் ‘சொந்த உபயோகம்’ என்று எழுதிக் கொடுத்திருந்தேன். தெருவே அப்படித்தான். காகிதத்தை நம்பினால் எங்கள் தெருவில் வாடகைக்காரர் ஒருவர்கூடக் கிடையாது. வாடகை பேசும்போது மட்டும், கட்டாத அந்த அதிக வரியைக் காரணம் சொல்லி ஏற்றிக்கொண்டேன். சமூக நீதி பற்றி நிறையப் படித்தவன் நான்.

வரி போட நகராட்சியிலிருந்து வீட்டை அளக்க ஆள் வந்தால், குடியிருப்பவர் உறவுக்காரர் ஆகிவிட வேண்டும். அதுதான் வழக்கம். போன வருடம் வந்தவர், “மேல யாரு?” என்றார்.

“என் மச்சான்.”

ஷேர் ஆட்டோ ஓட்டும் மாடிக்காரர் சளைக்கவில்லை. “ஆமா சார், அக்கா வூட்ல ஓசில துன்னுகினு கீறேன்.”

வந்தவர் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டுப் போனார்.

இந்த வருடம் மாடிக்காரரின் மகளுக்குப் பக்கத்துத் தனியார் பள்ளியில், கல்வி உரிமைச் சட்டப்படி கிடைக்கும் இலவச இடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அவருடைய ஆதாரில் இன்னும் ஊர் முகவரி.

“அண்ணாத்த, கிட்டக்க குடியிருக்கோம்னு ப்ரூஃப் கேக்குறாங்கோ. வாடகை அக்ரிமெண்ட் ஒண்ணு போட்டுக் குடு. வெள்ளிக்கிழமை கடைசி.”

கையெழுத்துப் போட்டால் என் பொய்க்கு நானே சாட்சி. “பாக்கலாம்பா, வக்கீல் ஊர்ல இல்ல,” என்றேன். வக்கீல் அடுத்த தெருவில்தான் இருந்தார்.

வெள்ளிக்கிழமை மனைவியைக் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் போய்விட்டேன். கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தபோது சட்டைப்பையில் போன் பல தடவை அதிர்ந்தது. கல்லில் கோயில் குடைந்தவர்களின் பொறுமையைப் பற்றி மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தேன். “போனை எடுங்க,” என்றாள் அவள். எடுக்கவில்லை.

திரும்பியபோது மாடிக்காரர் கேட்டருகே நின்றிருந்தார். நான் எதிர்பார்த்த சண்டை வரவில்லை.

“அப்ளிகேஷன் மூடிட்டாங்கோ அண்ணாத்த.”

“அடுத்த வருஷம் போட்டுடலாம். நானே கூட வரேன்.”

“எல்கேஜிக்கு மட்டுந்தான் எடுப்பாங்கோ. அடுத்த வருஷம் பாப்பாவுக்கு வயசு தாண்டிடும்.”

என் வண்டி உள்ளே போவதற்காகக் கேட்டை அவரே திறந்துவிட்டார்.