அப்பாவுக்கு வந்த முதுகு வலி

அந்தப் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தவர்கள் குறைவு, கேட்டவர்கள் அதிகம். மாடியில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. அதில் ஒரு மைக், ஒரு மேசை விசிறி, கை வைக்கும் இடத்தில் பஞ்சு பிதுங்கிய ஒரு நாற்காலி. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அங்கிருந்து கிளம்பும் குரலைக் கேட்டுத்தான் மூட்டைகளும் குழந்தைகளும் நடைமேடை மாறி ஓடும். ஓட்டுநர்கள் அவருக்குக் கனிவு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெயரில்தான் கனிவு. மைக்கில் தேனாக ஒழுகுகிற மனிதர், படி இறங்கி வந்தால் வாயில் பூட்டுப் போட்டுக்கொள்வார்.

எந்த அறிவிப்பையும் அவர் இரண்டு தடவை சொல்வார். ஒரு தடவை சொன்னால் பாதிப் பேர் காதில் விழாது, விழுந்த பாதிப் பேரும் நம்பமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. மனைவி இருந்த காலத்தில் இதை வைத்தே அவரை வாருவாள். "ஊருக்கெல்லாம் ரெண்டு ரெண்டு தடவ சொல்றீங்க, எனக்கு ஒரு தடவ வாயத் தெறந்து சொன்னா என்னவாம்?" அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. இப்போது வீட்டில் கேட்பதற்கும் ஆளில்லை, சொல்வதற்கும் ஆளில்லை. தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுச் சமையலறையில் இருப்பார். பார்ப்பதற்காக இல்லை, வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே மகன் துறைமுக நகரத்தில் வேலை பார்க்கிறான். அங்கிருந்து தினமும் மதியம் ஒரு பேருந்து வரும், மூன்றாவது நடைமேடைக்கு. அதையும் அவர்தான் அறிவிப்பார். அறிவித்துவிட்டு, இறங்குகிறவர்களைக் கண்ணாடி வழியே கடைசி ஆள் வரை பார்ப்பார். மகன் வருவதாகச் சொல்லவில்லை என்று தெரியும். ஆனாலும் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை அவன் போன் செய்து, "எப்படிப்பா இருக்கீங்க?" என்பான். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார். அப்புறம் அங்கே மழையா, இங்கே மழையா என்று கொஞ்சம் பேசுவார்கள். அதோடு சரி.

கல்லுக்கு அடிக்கடி ஒன்றுக்குப் போகவேண்டி வந்தது. கழிப்பறை கீழே, ஒன்றாவது நடைமேடையின் கோடியில். இறங்கிப் போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் மறுபடியும் முட்டும். இதற்கு அவர் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்: தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். இந்த மகா வைத்தியத்தைத் தானாகக் கண்டுபிடிக்காத ஆண்பிள்ளை உலகத்திலேயே கிடையாது. வண்டியில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டால் உடனே மெக்கானிக்கிடம் ஓடுகிறவர்கள், தன் உடம்பு கத்தினால் மட்டும் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

ஒரு நாள் ஒரு வண்டி நிற்கும் நடைமேடையைக் கடைசி நேரத்தில் மாற்றினார்கள். அதைச் சொல்லவேண்டியவர் கீழே சுவரைப் பார்த்து நின்று முக்கிக்கொண்டிருந்தார். கைக்குழந்தையோடு ஒரு பெண் பழைய நடைமேடையிலேயே காத்திருந்து வண்டியைத் தவறவிட்டாள். அவர் வெளியே வந்தபோது அவள் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்து, "மைக்ல சொல்லவே இல்லியே!" என்று அழாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவளைத் தாண்டித்தான் படியேறினார். அவர்தான் அந்தக் குரல் என்று அவளுக்குத் தெரியாது. அவமானத்தில் அவருக்கு உடம்பே கூசிப்போயிற்று.

விசாரணைக் கவுண்டரில் இருக்கும் அம்மாள் சற்று நேரத்தில் மேலே வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன், ஏறி எறங்கிக்கிட்டே இருக்கீங்க. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் மறைச்சு மறைச்சு வெச்சாரு. போய்க் காட்டுங்க சார். நாளைக்கு மைக்க நான் பாத்துக்கறேன்."

மறுநாள் ஆஸ்பத்திரியில், டாக்டர் ஒரு பெண் என்று தெரிந்ததும் பாதி வியாதி குணமானதுபோல அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அந்த டாக்டர் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்தவர். "உக்காருங்க சார், என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க" என்றார். பிறகு கையுறை மாட்டி ஆசனவாய் வழியே விரலால் சோதித்தார். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, காலை வண்டிகளின் நேரத்தை மனதுக்குள் ஒப்பித்தார். நான்காவது வண்டி கிளம்புவதற்குள் சோதனை முடிந்துவிட்டது. இதற்கா இத்தனை வருடம் பயந்து செத்தோம் என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

"மூத்திரப் பைக்குக் கீழ புரோஸ்டேட்னு ஒரு சுரப்பி, அது வீங்கியிருக்கு. வயசானா நெறைய ஆம்பளைங்களுக்கு வீங்கும், அது புற்றுநோய் இல்ல. ஆனா ஒரு பக்கம் கெட்டியா தட்டுது. பி.எஸ்.ஏ.ன்னு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதறேன். அது கூடுதலா இருந்தாலும் புற்றுநோய்னு அர்த்தம் இல்ல. வெறும் வீக்கத்துலயும் கூடும், கிருமித் தொத்துலயும் கூடும். அதுக்கு மேல ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கலாம்." எழுதிக்கொண்டே கேட்டார். "உங்க குடும்பத்துல யாருக்காவது புரோஸ்டேட் புற்றுநோய் இருந்துதா? அப்பா, அண்ணன் தம்பி?"

"அதெல்லாம் கெடையாது டாக்டர். அப்பா முதுகு வலியில போனாரு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "முதுகு வலியில யாரும் சாகமாட்டாங்க சார்."

அவர் நினைத்துப் பார்த்தார். அப்பா கடைசி வருடம் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. புரண்டு படுத்தால் வாய்விட்டுக் கத்துவார். வந்தவர்களிடமெல்லாம் வீட்டில் முதுகு வலி என்றே சொன்னார்கள், இவரும் அதையே சொன்னார். டாக்டர் மெதுவாக விளக்கினார். இந்த நோய் ஆரம்பத்தில் வலிக்காது, ஒன்றும் காட்டிக்கொடுக்காது. முற்றினால் முதலில் எலும்புக்குத்தான் போகும், முதுகெலும்பும் இடுப்பெலும்பும் அதற்குப் பிடித்த இடம். "உங்கப்பாவுக்கு என்னன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க இருந்தா கேட்டுச் சொல்லுங்க."

தெரிந்தவர் ஒரே ஒருவர்தான், அண்ணன். தையற்கடை வைத்திருந்து ஓய்ந்தவர். அண்ணன் தம்பிக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானத்துக்கு ஒரு போன் வந்திருக்கும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் பார்த்துக்கொள்கிற அளவில் உறவு நின்றுவிட்டது. மறுநாள், மைக்கை அணைத்து, ஒருமுறைக்கு இருமுறை அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அண்ணனைக் கூப்பிட்டார்.

"யாரு செத்தா?" என்றார் அண்ணன், எடுத்த எடுப்பில்.

"யாரும் சாகல. அண்ணே, அப்பாவுக்கு என்ன வியாதி?"

"முதுகு வலி."

"அண்ணே."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அண்ணன் கேட்டார்: "உனக்கும் வந்துடுச்சா?"

உனக்கும் என்ற அந்த ஒரு சொல்லில் எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. மீதியை அண்ணனே சொன்னார். அப்பாவுக்கு அதே நோய்தான். சின்னவனுக்குத் தெரியவேண்டாம், வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று அப்பாவே வாயை அடைத்திருக்கிறார். அது மட்டுமில்லை, அண்ணனுக்கும் நான்கு வருடத்துக்கு முன்னால் வந்து, அறுவை சிகிச்சை செய்து, இப்போது நன்றாக இருக்கிறார்.

"ஏண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"என்னன்னு சொல்றது? ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச மாசம் ஒண்ணுக்கு நிக்காம, குழந்தைக்குத் துணி கட்டற மாதிரி கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்டா. அத உங்கிட்ட சொல்லச் சொல்றியா?"

"சொல்லியிருந்தா நான் அப்பவே ரத்தம் பாத்திருப்பேன். நான் தம்பிண்ணே உனக்கு!"

அவர் அப்படிக் கத்தி அந்த அறை கேட்டதில்லை. அண்ணன் பதிலுக்குக் கத்தவில்லை. "தப்புதான்டா" என்றார். அவர் போனை வைத்தார். இரண்டு வீடு, இரண்டு ஆம்பளை, ஒரே பயம். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தனித்தனியாகப் பயந்திருக்கிறோம் என்று நினைக்கையில் கோபம் போய், தாங்கமுடியாத ஏக்கம்தான் மிஞ்சியது.

ரத்தத்தில் அளவு கூடியிருந்தது. ஸ்கேனில் ஓர் இடம் சந்தேகமாகத் தெரிந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, சதைத் துணுக்குகள் எடுத்தார்கள். "கூட யாரு வந்திருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டபோது, வெளியில் நிற்கிறார்கள் என்று பொய் சொன்னார். வெளியில் அவருடைய செருப்புதான் நின்றது.

முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆனால் சுரப்பியைத் தாண்டி எங்கும் பரவவில்லை. டாக்டர் எதையும் பூசி மெழுகவில்லை. வேகம் குறைந்த வகையாக இருந்தால் உடனே கை வைக்காமல், அவ்வப்போது பரிசோதித்துக் கண்காணித்துக்கொண்டே இருக்கலாம். இவருடையது நடுத்தரம், சிகிச்சை செய்வதே நல்லது. சுரப்பியை எடுத்துவிடலாம். அல்லது சில வாரம் தினமும் வந்து கதிர்வீச்சு எடுத்துக்கொண்டு, கூடவே ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளலாம். குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. அறுவை என்றால் சில மாதம் சிறுநீர் கசியலாம். எந்தச் சிகிச்சையிலும் ஆண்மை குறைய வாய்ப்பு உண்டு. கதிர்வீச்சில் குடலிலும் தொந்தரவு வரலாம்.

"கதிரே வெச்சுடுங்க டாக்டர்" என்றார் அவர், டாக்டர் முடிப்பதற்குள்.

"ஏன்னு கேக்கலாமா?"

"ஆபரேஷன்னா வீட்டுல பாத்துக்க ஆள் வேணும்பாங்க."

டாக்டர் அவருக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். "அது உங்க நோய்க்கான காரணம் இல்லியே சார். உங்களுக்கு ஏற்கெனவே நீரடைப்பு இருக்கு, கதிர் வெச்சா கொஞ்ச நாளைக்கு அது கூடலாம். வீட்டுல பேசிட்டு வாங்க, அவசரம் இல்ல. இன்னொண்ணு. உங்களுக்குப் பையன் இருக்கானா? அப்பா, பெரியப்பா, தாத்தா மூணு பேருக்கும் இருந்திருக்கு. நாப்பது தாண்டினதுமே அவன் ஒரு டாக்டரப் பாத்து, எப்ப பரிசோதன ஆரம்பிக்கணும்னு பேசிடணும். கட்டாயம் சொல்லிடுங்க."

மகனுக்கு இப்போது முப்பத்தொன்பது.

ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்தான். "எப்படிப்பா இருக்கீங்க? நேத்து பஸ் ஸ்டாண்டு போனுக்குக் கூப்பிட்டப்ப விசாரணை ஆன்ட்டிதான் எடுத்தாங்க, நீங்க லீவுன்னாங்க."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார்.

"ஒண்ணுமில்லடா, சும்மா முதுகு வலி" என்றார்.

"சரிப்பா, தைலம் தேச்சுக்குங்க" என்று மகன் போனை வைத்துவிட்டான்.

தொலைக்காட்சியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்துபோய் அதை அணைத்தார். தன் வாயிலிருந்து வந்தது தன் சொல் இல்லை, அப்பா சொன்னது, அண்ணன் சொன்னது என்று அப்போதுதான் தெரிந்தது. அப்பா மறைத்ததால்தான் தனக்கு இவ்வளவு தாமதம். தான் மறைத்தால் அவனும் ஒருநாள் இப்படித் தனி வீட்டில் உட்கார்ந்து யாரிடமோ முதுகு வலி என்று சொல்லிக்கொண்டிருப்பான். அன்றைக்கு முழுவதும் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். வெட்கம் என்பது இவ்வளவு கனமான சாமான் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

திங்கட்கிழமை காலை அறைக்கு வந்ததும் மைக்கின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். மைக்கைப் போடவில்லை, போனைப் போட்டார். பேச்சு வராத மனிதருக்குத் தெரிந்த ஒரே பேச்சு அந்த நாற்காலியில்தான் இருந்தது.

"அப்பா? வேலை நேரத்துல கூப்பிடறீங்க?"

"கொஞ்சம் கவனமா கேளு." குரல் அவரை மீறி அறிவிப்புக் குரலாகவே வந்தது. "அப்பாவுக்குப் புரோஸ்டேட்ல புற்றுநோய். பரவல, வைத்தியம் இருக்கு. பெரியப்பாவுக்கும் வந்து சரியாச்சு. தாத்தா போனதும் அதுலதான். அதனால நீயும் ஒரு டாக்டரப் பாத்துப் பேசணும், தள்ளிப்போடக் கூடாது."

அவர் பழக்க தோஷத்தில் இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னார். இரண்டாவது தடவை 'அப்பாவுக்கு' என்ற இடத்திலேயே குரல் உடைந்துவிட்டது.

"முதுகு வலின்னீங்களேப்பா" என்றான் மகன்.

"பொய் சொன்னேன்."

"கூட யாருப்பா இருக்கா?"

எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன் என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. "யாருமில்லடா" என்றார். "ரொம்பத் தனியா இருக்கேன்."

மறுநாள் மதியம் துறைமுக நகரத்துப் பேருந்து மூன்றாவது நடைமேடைக்கு வருவதை அவர் அறிவித்தார். இரண்டாவது தடவை சொல்லவேண்டிய நேரத்தில் எழுந்து கண்ணாடியோடு ஒட்டி நின்றுகொண்டார். ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக, தோளில் ஒரு பையோடு மகன் இறங்கினான். உச்சியில் முடி கொட்ட ஆரம்பித்திருந்தது, அது இவருக்குத் தெரியவே தெரியாது. அவன் எல்லாரையும்போல ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்து, குரல் மறுபடியும் வரும் என்று காத்து நின்றான். அவர் கண்ணாடியைத் தட்டினார். கூட்டத்தின் சத்தத்தில் அது அவனுக்குக் கேட்கவில்லை.

அவர் மைக்கைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் படியிறங்கினார்.