முகைதீன்பாவாவின் சஹன்

சஹனின் நடுவில் கிடக்கும் நல்ல இறைச்சித் துண்டை முகைதீன்பாவா தொடுவார், தின்ன மாட்டார். எதிரே இருப்பவர் பக்கம் விரலால் தள்ளிவிட்டுத்தான் தன் சோற்றில் கை வைப்பார். ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் அந்தப் பெருந்தட்டில், எதிரே இருப்பவர் முந்தின நாள் வேலித் தகராறில் அவரை ஏசியவரானாலும் மாற்றமில்லை. "சஹன்ல குந்தினாப் பொறகு என்னத்துக்கு மனே கோவம்?" என்பார்.

காத்தான்குடிக் கலியாணச் சமையலெல்லாம் அவர் கைதான். உப்புப் பார்க்க நாக்கில் வைப்பதில்லை. ஆவியை மோந்துவிட்டு, "இன்னும் ஒரு புடி" என்பார். இரண்டாம் உலக யுத்தம் வந்ததும், தண்ணீரில் இறங்கும் விமானங்களுக்கான வாவிக்கரை விமானப்படை முகாம் அவரைச் சமையலுக்கு எடுத்தது. வீட்டில் உலை கொதிப்பது அந்தச் சம்பளத்தில்தான்.

சென்ற மாதம் ஒல்லாந்து தேசத்து டச்சு விமானிகள் வந்திறங்கினார்கள். நேச நாட்டுப் படைகளின் உறவை வளர்க்க இங்கிலீஷ்காரத் தளபதி விருந்து வைத்தார். "எல்லாருக்கும் ஒண்டாச் சாப்பாடு" என்று முகாம் கிளாக்கர் வினாயகமூர்த்தி சொன்னதும், பாவா ஊரிலிருந்து சஹன்களை வண்டியில் ஏற்றி வந்து பாயில் பரப்பிவிட்டார்.

பாவாவை அண்ணன் முறையில் காக்கா என்று அழைக்கும் கிளாக்கர் தலையில் கை வைத்தார். "என்ன காக்கா இது? வெள்ளைக்கார ஆக்களுக்கு உள்ளுக்க மேசை. இந்திய மெக்கானிக் பொடியன்மாருக்கு வெளியால. தட்டுல பிரிச்சுப் போடுங்க. இல்லாட்டி உங்கட வேல போயிரும்."

"எல்லாரும் ஒரு பிளேனத்தானே தம்பி கூடிக் கரைக்கு இழுக்கிறாங்க? போட்ட சஹனப் பிரிச்சி எனக்குப் பழக்கமில்ல."

ஒல்லாந்தர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்தபடி குந்தினார்கள். வாசலில் தயங்கிய இந்திய மெக்கானிக்குகளை அவர்களே கைகாட்டி அழைத்து, அவர்களிடமே சோறு பிசையப் பழகினார்கள். தளபதி மட்டும் நின்றபடி பார்த்துவிட்டு வெளியேறினார். இந்த யுத்தம் சுதந்திரத்துக்காக என்று முகாம் சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு பாயில் உட்காரத் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் வினாயகமூர்த்தி பாவாவின் வாசலில் வந்து நின்றார். முகம் நிமிரவில்லை.

"காக்கா, இனி வர வேணாமாம்."

பிள்ளைகளோடு சஹனில் இருந்த பாவாவின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது. அடுப்படியில் மனைவி சித்தி நபீஸா அகப்பையோடு திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க என்ன செய்ய ஏலும், தம்பி?" என்றார் பாவா. "வந்த கால்ல நிக்காம இரிங்க."

"இல்ல காக்கா, நான் சாப்பிட்டுட்டுத்தான் வாறன்." முஸ்லிம் வீடுகளில் அதுவரை கை நனைத்தறியாதவர் வினாயகமூர்த்தி.

பாவா பிள்ளைகளை நெருங்கி இருக்கவைத்து எதிரே இடம் பண்ணினார். நடுவில் கிடந்த ஒரே மீன் துண்டை அந்த வெற்றிடத்தின் பக்கம் விரலால் தள்ளினார்.