என் பெயருக்குப் பின்னால் அம்மா

சென்னைக் கல்லூரியில் ஸ்பானிஷ் வகுப்பின் முதல் நாள். ஸ்பெயின்காரர்களைப் போல எங்கள் பெயரை எழுதச் சொன்னார் பேராசிரியை. அங்கே ஒருவருடைய பெயருக்குப் பின்னால் அப்பாவின் குடும்பப் பெயரும், அதற்கடுத்து அம்மாவின் குடும்பப் பெயரும் வரும்.

நமக்கேது குடும்பப் பெயர்? பள்ளிச் சான்றிதழிலிருந்து பஸ் பாஸ் வரை என்னோடு ஒட்டிக்கொண்டிருந்தது அப்பாவின் ஒற்றை இனிஷியல்தான். மற்றவர்கள் விழித்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து போய் என் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர் என்று பலகையில் பெரிதாக எழுதினேன். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் விருத்தாசலத்துக்குப் போன் போட்டேன். செராமிக் கம்பெனியில் நாளெல்லாம் அகல்விளக்குகளுக்குப் பிசிறு தேய்த்துவிட்டு அம்மா அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். வகுப்புப் பலகையில் அவள் பெயரையும் எழுதியதைச் சொன்னேன்.

"எம் பேரு அங்க எதுக்குடி?" என்றாள். விவரம் சொன்னேன்.

"அதுலயும் என்னுது கடைசியாதான் வரணுமா?"

"இல்லம்மா. இப்பல்லாம் அம்மா பேர முன்னாடி வச்சிக்கவும் அங்க சட்டம் இருக்குது."

"அப்பறம் என்னா? மாத்தி எழுது. ஒங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."